சேனாபதி செய்த குடல்

"சேனோபதி: ஜாவா அரச குலத்தில் உதித்த மாந்திரீகக் கலைஞர். நாற்பது நாள் உபவாசம் இருந்து, மயானச் சடங்குகளை முடித்து, உண்மையான விலங்குக் குடல்களால் இந்தோனேசிய சினிமாவின் மிகக் கொடூரமான காட்சியைப் படைத்தவர். பொதுவெளியில் தோன்றாதவர். பேசுவது அபூர்வம். முப்பத்தேழு ஆண்டு மௌனத்துக்குப் பிறகு முதன்முறையாக டாலஸில்."

2024 அக்டோபரில், டாலஸின் பழைய தியேட்டர் ஒன்றில் நடந்த பேய்ப்பட விழாவின் கையேட்டில் இருபத்திரண்டாம் பக்கத்தில் இப்படி அச்சாகியிருந்தது. பக்கத்திலேயே ஒரு புகைப்படம். புகைமூட்டத்துக்குள் தாடி வைத்த ஒருவர். அவர் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

டாலஸை ஒட்டிய பிளானோவில் மகன் மகிழன் வீட்டில் இருக்கும் சேனாபதிக்குத் தாடி கிடையாது. வயது அறுபத்தெட்டு. சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். அப்பா வள்ளலார் வழி. ஆகவே வீட்டில் மூன்று தலைமுறையாக மாமிசம் நுழைந்ததில்லை. உபவாசம் இருந்ததில்லை, ஏனென்றால் பதினொரு மணிக்கு ஏதாவது வாயில் போடாவிட்டால் தலை சுற்றும். பேசுவது அபூர்வம் என்ற வரியை அவர் மனைவி சாந்தாமணி இரண்டு முறை படித்தார்.

"ஏனுங்க, யாரோ பேசாத மனுசன்னு போட்டிருக்குதுங்க. அந்த ஆள ஒரு மாசம் இங்க அனுப்பி வெக்கச் சொல்லுங்க. நீங்க வேண்ணா ஜாவாவுக்குப் போயிருங்க."

ஆனால் கையேடு முழுப் பொய்யும் அல்ல. அந்தக் குடலைச் செய்தவர் சேனாபதிதான்.

1987இல் அவர் மேற்கு ஜாவாவில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் மில் வேலை தெரிந்தவர்கள் அந்தக் காலத்தில் அங்கே போனார்கள். இயந்திரம் ஒன்றுதான், மொழியை ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஆலைக்குப் பின்னால் ஒரு பழைய கூடம் இருந்தது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்கள் ஓடாமல் இரண்டு வரிசையாக நிற்கும் இருட்டுக் கூடம். அதை ஒரு சினிமாக் கம்பெனி ஒன்பது நாள் வாடகைக்குப் பிடித்தது. பகலிலேயே ஜன்னல்களுக்கு நீலத் துணி கட்டி இரவாக்கினார்கள்.

படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பசியோடு வீடு திரும்பிய தலை’ என்று வரும். மாமியார் கொடுமை தாங்காத ஒரு மருமகள் மந்திரம் கற்கிறாள். அவள் தலை கழுத்திலிருந்து கழன்று, குடல் தொங்கத் தொங்கப் பறந்து போய் ஊரைப் பழிவாங்குகிறது. இடையில் வாழைமரம் ரத்தம் கக்கும். பூசாரியின் வயிறு கால்பந்து பிளாடரைப் போல ஊதிப் பெருகும், ஏனென்றால் அது கால்பந்து பிளாடர்தான். ஒருவன் வாயிலிருந்து பாம்பு வரும். அதில் சைக்கிள் டியூபின் வால்வு தெளிவாகத் தெரியும். படத்தில் சங்கடமில்லாமல் நடித்தது அந்த டியூப் ஒன்றுதான் என்று பிற்பாடு ஒரு விமர்சகர் எழுதினார்.

தலையைப் பறக்கவிடத் தெரியாமல் டைரக்டர் தவித்தபோது மேனேஜர் ஃபிட்டரைக் கூப்பிட்டார். "சேனாபதி, பாத்துக் குடுத்துருப்பா." சேனாபதி, "சரிங்க" என்றார்.

இந்தச் ‘சரிங்க’தான் அவர் வாழ்க்கை வரலாறு. வேலைக்கு அனுப்பினால் சரிங்க, கல்யாணம் என்றால் சரிங்க, ரிட்டயர் ஆகி டெக்சஸுக்கு வா என்றால் சரிங்க. யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. எதிரெதிராக நிற்கும் இருவரிடம் ஒரே நாளில் சரி சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடியவர்.

ரிங் ஃபிரேமுக்கு மேலே தண்டவாளம் போட்டு, பஞ்சுத் தூசியை ஊதிக்கொண்டே நகரும் ஒரு ஊதல் மெஷின் உண்டு. சேனாபதி அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஊதுகுழாய் இருந்த இடத்தில் ரப்பர் தலையை மாட்டினார். தலை கூடத்தின் நீளத்துக்கும் சீராக மிதந்து போனது. வரிசை முடிந்ததும் மூன்று வினாடி நின்றுவிட்டுத் திரும்பியது. "தன் உடலை நினைத்து அந்தத் தலை தயங்கும் தருணம்" என்று பின்னாளில் இதைப் பற்றிக் கட்டுரைகள் வந்தன. ரிவர்ஸ் சுவிட்ச் விழுவதற்கு மூன்று வினாடி ஆகும்.

அடுத்து குடல். கசாப்புக் கடையிலிருந்து ஒரு வாளி ஆட்டுக்குடல் வந்தது. சேனாபதி வாளியைப் பார்த்தார், வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தார், திரும்பி வந்து டைரக்டரிடம், "பஞ்சுல பண்ணித் தர்றேன்" என்றார். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினிலிருந்து கட்டை விரல் பருமனுக்கு முறுக்கில்லாமல் கயிறு போல வந்து விழும் பஞ்சு, ஆலையில் அதற்கு ஸ்லைவர் என்று பெயர். அதை ரப்பர் பாலில் தோய்த்து, சாயச் சிவப்பு ஏற்றி, சுருட்டிச் சுருட்டித் தொங்கவிட்டார். மாமிசத்தைத் தொடக் கூசிய ஒருவர் கையால் உலகத்தின் மிக அருவருப்பான குடல் உருவானது. படத்தின் கடைசியில் ‘சேனாபதி’ என்று பெயர் போட்டார்கள். ஜாவாவிலும் சேனோபதி என்று அது அரச பட்டம் என்பதால் மீதியை விமர்சகர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இத்தனையும் மறந்துபோய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன வருஷ தீபாவளிக்கு மகிழன் வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக். லெகசி என்ற ஆபீஸ் வட்டாரத்தில் அவனோடு ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் க்ரிஷ் வந்திருந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். வார நாட்களில் மென்பொருள், வார இறுதியில் பழைய பேய்ப்படங்கள். டெசர்ட் தட்டோடு நின்றவர்களிடம் செல்போனில் ஒரு காட்சியைக் காட்டிக்கொண்டிருந்தான். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த சேனாபதி, "அட, எங்க பழைய கூடமல்லோ இது?" என்றார்.

"அங்கிள்?"

"இந்தக் கொடலு நாஞ் செஞ்சது தம்பி."

க்ரிஷ் குலாப் ஜாமூனைக் கீழே வைத்துவிட்டான். "அங்கிள், ஆர் யூ சீரியஸ்? யூ ஆர் *தி* சேனோபதி? ஓ மை காட். அது ரியல் குடல் தானே? எல்லாரும் அப்டித்தான் எழுதிருக்காங்க."

"பஞ்சு தம்பி. நூறு சதம் காட்டன்."

க்ரிஷின் முகம் வாடியதைப் பார்க்கச் சேனாபதிக்கே பாவமாக இருந்தது. ஒரு வருஷம் கழித்து, தானும் சேர்ந்து நடத்தும் விழாவுக்குக் கூப்பிட்டபோது க்ரிஷ் கெஞ்சினான்: "அங்கிள், ப்ளீஸ், ஸ்டேஜ்ல பஞ்சு பத்தி சொல்லிடாதீங்க. தட் மிஸ்டரி இஸ் எவ்ரிதிங். யாராவது கேட்டா ஜஸ்ட் ஸ்மைல் பண்ணுங்க. போதும்."

"சரி தம்பி" என்றார் சேனாபதி.

பிளானோவில் அவருக்கு என்று சொந்தமாக இருந்தது ஒரே ஒரு இடம். ஒரு ஸ்ட்ரிப் மாலில், டேக்ஸ் ஆபீஸுக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவில் உள்ள பிள்ளையார் கோயிலின் அடுப்படி. சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்குப் போவார். பெரிய அண்டாவில் புளியோதரை கிளறுவார். முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் மகன் வீட்டில் அவர் ஒரு விருந்தாளி. ரிமோட் எங்கே என்று கேட்க வேண்டும், ஏசியைக் குறைக்கக் கேட்க வேண்டும், எங்கே போவதானாலும் யாராவது கார் ஓட்ட வேண்டும். சனிக்கிழமை மட்டும் மற்றவர்கள் அவரிடம் கேட்பார்கள்: "அங்கிள், உப்பு சரியா இருக்கா?" அமெரிக்காவில் அவர் கருத்தைக் கேட்ட ஒரே விஷயம் அந்த உப்புதான்.

அடுப்படிப் பொறுப்பு ஷ்யாமளாவிடம். ஐம்பத்திரண்டு வயது, ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி, கோயிலிலும் அதே. சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மாமிசம், முட்டை இவற்றைக் கையால் தொட்டுப் புழங்கியவர்கள் பார்க்கிங், மைக் செட், மலர் அலங்காரம் ஆகிய சேவைகளைச் செய்யலாம்; அடுப்படிக்குள் வேண்டாம். சேரும்போது எல்லாரும் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நீட்டியபோது சேனாபதி "சரிங்க அம்மிணி" என்று போட்டிருந்தார்.

விழாவின் கையேட்டுப் பக்கம் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. "ப்ரவுட் மொமென்ட்! நம்ம சேனாபதி அங்கிள்!" என்று யாரோ கைதட்டும் பொம்மைகளோடு போட்டிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை அண்டா முன்னால் ஷ்யாமளா நின்றார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உண்மையான விலங்குக் குடல்னு போட்டிருக்கு. கையால தொட்டீங்களா, இல்லையா?"

"ஐயோ, அது பஞ்சுங்க அம்மிணி. சாமி சத்தியமா பஞ்சு."

"அப்ப ஏன் குடல்னு அச்சடிச்சிருக்கா?"

"அவங்களுக்கு அப்படி இருந்தாத்தான் புடிக்குமாமா."

ஷ்யாமளா யோசித்தார். "நான் உங்கள நம்பறேன் சார். ஆனா கமிட்டில கேள்வி வரும், குரூப்ல நூத்தம்பது பேர் பாத்தாச்சு. நீங்க அந்த ஸ்டேஜ்லயே பஞ்சுன்னு சொல்லிடுங்கோ. நாங்க நாலு பேர் வந்து கேட்டுட்டு, குரூப்ல போட்டுடறோம். இல்லேன்னா அடுத்த வாரம் நீங்க பார்க்கிங்தான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

சேனாபதி, "சரிங்க" என்றார்.

அன்று மதியம் சாந்தாமணி கணக்காகக் கேட்டார். "அந்தப் பையங்கிட்ட பஞ்சுன்னு சொல்ல மாட்டேன்னீங்க. இந்தம்மாகிட்ட சொல்றேன்னீங்க. ரெண்டு பேரும் ஒரே ஹால்ல உக்காந்திருப்பாங்க. என்ன பண்றதா உத்தேசம்?"

"பாக்கலாம்."

"மாந்திரீகம் இருக்குதல்லோ, தலைய மட்டும் அனுப்பி வெச்சுருங்க."

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் காட்சி. கறுப்புச் சட்டையும் மண்டையோட்டு மோதிரமுமாக இருநூறு பேர். மூன்றாம் வரிசையில் ஷ்யாமளாவும் அடுப்படிப் பெண்கள் மூவரும், கச்சேரிக்கு வந்ததுபோல் பட்டுப்புடவையில். நெற்றி நிறைய ஷ்யாமளா வைத்திருந்த குங்குமத்தைப் பார்த்து, முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய ஒரு இளைஞன் "அருமையான மேக்கப்" என்று பாராட்டினான். "தேங்க் யூ" என்று ஷ்யாமளா கம்பீரமாக ஏற்றுக்கொண்டார்.

படம் ஓடியது. முதல் அரை மணி நேரம் அடுப்படிப் பெண்கள் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிறகு மாமியார் சோற்றில் மண் போடும் காட்சி வந்தது. தலைப்பு கீழே இறங்கியது. தலை கழன்று, குடல் பளபளக்க, தண்டவாளத்தில் மாமியாரை நோக்கி மிதந்து போனபோது ஷ்யாமளா பக்கத்தில் இருந்தவரிடம், "அவ பண்றதும் தப்பில்ல" என்றார்.

விளக்கு எரிந்தது. சேனாபதி வெள்ளைச் சட்டை, திருநீறோடு மேடையில் போய் உட்கார்ந்தார். கையேட்டுப் படத்தில் இருந்தவரை எதிர்பார்த்த கூட்டம் ஒரு கணம் குழம்பிவிட்டு, இதுவும் ஏதோ ரகசியம் என்று எண்ணி எழுந்து நின்று கைதட்டியது. க்ரிஷ் மைக்கோடு பக்கத்தில் இருந்தான்.

முதல் கேள்வியே அதுதான். பின்வரிசையிலிருந்து ஒருவர்: அந்தக் குடல் உண்மையானதா?

க்ரிஷ் இந்தப் பக்கம் கண்ணால் கெஞ்சினான். அந்தப் பக்கம் ஷ்யாமளா செல்போனை வீடியோவுக்கு உயர்த்தினார். சேனாபதி சிரித்தார். சிரிப்பு க்ரிஷுக்குக் கொடுத்த வாக்கு. சிரித்து முடித்ததும் மைக்கைப் பிடித்து, "காட்டன்" என்றார். "கார்ட் ஸ்லைவர். ஹண்ட்ரட் பர்சென்ட் காட்டன். நோ மட்டன்." மட்டன் என்றது அது வரைக்கும் நன்றாகத்தான் போகிறது என்ற தைரியத்தில்.

இரண்டு வாக்கையும் காப்பாற்றிய நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் ஐயோ என்றார்கள். ஷ்யாமளா மற்ற மூவரையும் பார்த்து, ஒரு மாத்திரைப் பட்டையைத் தரச் சோதனையில் தேறவைத்ததுபோலத் தலையசைத்தார். புளியோதரை பிழைத்தது.

அப்போது ஓரத்தில் இருந்து மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள். இந்தப் படத்தைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதுகிறவளாம். பஞ்சு என்றால் சரி, ஆனால் அந்த ஈரமான பளபளப்பு? முத்து மாதிரி, உயிரோடு இருப்பது மாதிரி ஒரு மினுக்கம் இருக்கிறதே, நாற்பது படங்களில் தேடியும் அது வேறு எதிலும் இல்லை. அது எப்படி வந்தது?

போன மானத்தைக் கொஞ்சம் மீட்கலாம் என்று க்ரிஷ் முந்திக்கொண்டான். "லேட்டக்ஸ்ல வர்ற ஷைன் தானே அங்கிள்? ரப்பர் பால்? ரைட்?"

ஆமா என்றோ சரி என்றோ ஒரு வார்த்தை. அறுபத்தெட்டு வருஷமாக எதற்கெடுத்தாலும் சொன்ன வார்த்தை. ரப்பர் பாலும் அதில் இருந்தது, ஆகவே முழுப்பொய்கூட ஆகாது. சேனாபதி மைக்கைப் பார்த்தார். மூன்றாம் வரிசையைப் பார்த்தார். செல்போன் இன்னும் உயர்ந்தேதான் இருந்தது.

"நோ" என்றார்.

"ரப்பர் பால் காஞ்சா மங்கிரும். டல். எக் ஒய்ட். முட்டை வெள்ளைக்கரு. ஒன் டே தர்ட்டி எக்ஸ். ஒவ்வொரு டேக்குக்கும் புதுசாத் தடவோணும். மூணு நாள் டெஸ்ட் பண்ணிக் கண்டுபுடிச்சது. ஐ ஒன்லி பிரோக். மை ஹேண்ட்." வலது கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். புளியோதரை கிளறும் கை.

கைதட்டல் ஓயவில்லை. மாந்திரீகத்தை இழந்தவர்களுக்கு முட்டை அதைவிட அமானுஷ்யமாகத் தெரிந்தது. க்ரிஷ்கூடத் தட்டினான். ஷ்யாமளா மட்டும் செல்போனைப் பைக்குள் போட்டார்.

வெளியே பாப்கார்ன் மெஷினுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தார். "சார், அந்தப் பையன் எடுத்துக் குடுத்தானே. ஆமான்னிருந்தா முடிஞ்சிருக்கும். எதுக்கு சார் சொன்னீங்க? உண்மையச் சொல்லணும்னா, அந்தத் தாள்ல கையெழுத்துப் போடறப்பவே சொல்லிருக்கணும்."

"உண்மைக்காகச் சொல்லலீங்க அம்மிணி." என்றார் சேனாபதி. "அந்தப் பொண்ணு நாப்பது படத்துல தேடிப் பாத்துச்சாமாங்க. ஒரு பய செய்யல. அதக் கொண்டுபோய் ரப்பர் பாலுக்குக் குடுத்துப்போட்டு வர மனசு வர்லீங்க."

பக்கத்தில் நின்ற சாந்தாமணிக்கு வேறு சந்தேகம். "அப்பறம் கைய சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா? ஊருக்கு வந்தீங்களே அந்த லீவுக்கு, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கமிட்டி புதன்கிழமை கூடியது. கமிட்டியின் ஏழு பேரும் போன மாதம்தான் தலைவரின் பேத்தி பிறந்தநாளுக்குப் பெரிய கேக் வெட்டிச் சாப்பிட்டிருந்தார்கள். கேக்கில் இருக்கும் முட்டை முட்டையாகத் தெரியாது என்பதுதான் அதன் சிறப்பு. மேலும் அதை அவர்கள் கையால் உடைக்கவில்லை, பேக்கரிக்காரர் உடைத்தார். தாளில் ‘தொட்டுப் புழங்கியவர்’ என்றுதான் இருக்கிறது, தின்றவர் என்று இல்லை. ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். முப்பத்தேழு வருஷம் ஆகிவிட்டது என்றார் ஒருவர். பொய்க் கையெழுத்து என்றார் இன்னொருவர். கடைசியில் முடிவு சொன்னது ஷ்யாமளாதான். ஒரு மண்டலம் அடுப்பின் பக்கம் வரக்கூடாது. நாற்பத்தெட்டு நாள், அதாவது ஏழு சனிக்கிழமை. பின்பக்கத் தொட்டியில் பாத்திரம் தேய்க்கலாம். அதற்கு அப்புறம் அண்டாவைத் தொடலாம். அதுவரைக்கும் உப்பு பார்க்க ஆள் இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, "அவரே பாக்கட்டும். கரண்டில எடுத்துண்டு போய்க் காட்டறோம்" என்றார்.

ஆபீஸில் இருந்த மகிழன் போனில் இந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கோபப்பட்டான். "அப்பா, திஸ் இஸ் ரிடிகுலஸ். நீங்க போக வேண்டாம்."

"நீ காலைல அஞ்சே முக்காலுக்கு வண்டிய எடுத்துரு" என்றார் சேனாபதி.

1987இல் மேற்கு ஜாவாவின் ஒரு நூற்பாலையில் அவர் பஞ்சு, ரப்பர் பால், சாயம், முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றால் ஒரு குடல் செய்தார். 2024இல் டாலஸில் கேட்டவர்களிடம் அப்படியே சொன்னார். அதன் பிறகு ஏழு சனிக்கிழமை பிளானோவில் பாத்திரம் தேய்த்தார்.